வீடு போயிற்று, கடன் போயிற்றா?

தமிழில் அடமானத்தைக் குறிக்க ‘ஈடு’ என்றொரு பழஞ்சொல் உண்டு. ஈடு என்றால் ஒத்தது, சமமானது என்று பொருள். ‘ஈடு இணையற்றவன்’ என்று இறைவனைப் போற்றும்போதும் இந்தப் பொருளில்தான் சொல்லுகிறோம். அதே சொல் கடன் பத்திரத்திலும் வந்து அமர்ந்துகொண்டதால் நம் மக்களிடையே ஒரு மயக்கம் பிறந்துவிட்டது. கடனுக்கு ஈடாக வீட்டை எழுதிக் கொடுத்தோம்; வீட்டை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்; ஆகவே கடனும் வீடும் சரிக்குச் சரியாகிவிட்டன என்று பலர் எண்ணுகிறார்கள்.

அரபு மொழியில் இதற்கு ‘ரஹ்ன்’ என்று பெயர். அதன் வேர்ப்பொருளில் சமம் என்ற கருத்தே இல்லை. தடுத்து வைத்தல், பிணைத்து வைத்தல் என்பதே அதன் பொருள். ஒவ்வோர் ஆன்மாவும் தான் சம்பாதித்ததற்குப் பிணையாக இருக்கிறது என்ற கருத்தைத் திருக்குர்ஆன் ‘அல்முத்தஸ்ஸிர்’ அத்தியாயத்தில் எடுத்துரைக்கும்போது இந்த வேர்ச்சொல்லையே ஆளுகிறது. ஆகவே ரஹ்னாக வைக்கப்பட்ட வீடு கடனுக்கு நிகரான பொருளன்று. கடன் திரும்பும்வரை பிடித்து வைக்கப்பட்ட பொருள், அவ்வளவே. பொருளை விற்றுக் கடன் முழுவதும் அடைந்தால் முடிந்தது. அடையாவிட்டால், எஞ்சியது கடன் வாங்கியவரின் கழுத்திலேயே நிற்கும். நாட்டுச் சட்டமும் இதையே சொல்லுகிறது; நம் ஃபிக்ஹு நூல்களும் இதையே சொல்லுகின்றன. சொல்லாமல் விடுவது வீட்டுக் கடன் வாங்கித் தரும் தரகர் ஒருவரே.

இதனை எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே, சுவேதா நதிக்கரையில் அமைந்த தம்மம்பட்டி பெரும் பட்டணமன்று. மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். சுற்றிலும் பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடுமாக இருக்கும். முன்பெல்லாம் இங்கு வீடு கட்டுவது என்றால், கையில் உள்ளவரை ஓர் அறை, அடுத்த மகசூலுக்கு மேலும் ஓர் அறை என்று பத்தாண்டு இழுக்கும் காரியம். கடந்த இருபதாண்டுகளில் அது மாறிவிட்டது. ஆத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வீட்டுக் கடன் வாசலுக்கே வந்தது. வட்டி ஹராம் என்பதை அறியாதவர் நம்மில் யாருமிலர். அறிந்தும், வாடகை வீட்டின் துன்பத்தாலும் பெண் கொடுப்பவர்கள் வீட்டைப் பார்த்துப் பேசும் வழக்கத்தாலும் கையெழுத்திட்டவர்கள் பலர். அவர்களை ஏசுவதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. விழுந்தவருக்கு எழும் வழி சொல்லுவதும் மார்க்கத்தின் பணியே.

சிறு வயதில் என்னிடம் ஓதிய ஒருவர் துணிக்கடை வைத்திருந்தார். அவர் கட்டிய வீடும் அத்தகையதே. 2020-இல் கொரோனா முடக்கம் வந்தபோது கடை மூடிக் கிடந்தது. திறந்த பின்னும் பழைய வியாபாரம் திரும்பவில்லை. தவணைகள் நின்றன. நோட்டீசுகள் வந்தன. இறுதியில் வீடு ஏலத்தில் போயிற்று. குடும்பம் வாடகை வீட்டுக்கு இடம் பெயர்ந்தது. ‘போனது போகட்டும், தலைக்கு மேலிருந்த சுமையாவது இறங்கிற்று’ என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். ஓராண்டு கழித்து ஒரு பதிவுத் தபால் வந்தது. ஏலத் தொகையை வரவு வைத்தது போக இன்னும் பல லட்சம் பாக்கி உண்டு என்றும், குறித்த நாளுக்குள் செலுத்தாவிடில் வழக்குத் தொடரப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. அதே தபால் ஜாமீன் கையெழுத்திட்ட அவருடைய தம்பிக்கும் போயிருந்தது.

“ஹஜ்ரத், வீட்டைத்தான் எடுத்துக்கொண்டார்களே, இன்னும் என்ன பாக்கி? அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான், சாவியைக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும் என்றல்லவா சொன்னார்?” என்று கேட்டார்.

அவருடைய மனைவி திரைக்கு அப்பாலிருந்து கேட்டது வேறு கேள்வி. “நாளை இவர் மௌத்தாகிவிட்டால் இந்தக் கடன் பிள்ளைகள் தலையில் விழுமா?”

இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றை, இத்தகைய தபால் வந்துள்ள மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

மச்சான் சொன்னது முழுப் பொய்யன்று. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிஃபோர்னியாவில் குடியிருப்பதற்காக வீடு வாங்கியவர், அதை வாங்குவதற்காகவே பெற்ற கடனாயின், வீட்டை இழந்த பின் எஞ்சிய தொகைக்காக அவரைத் துரத்த முடியாது. 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் பிறந்த பாதுகாப்பு அது. வேறு பல மாநிலங்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை. நம் நாட்டிலோ அத்தகைய பொது விதி கிடையாது.

நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே அடமானத்தின் அடிப்படை. அது அடமானத்தைப் பல வகையாகப் பிரிக்கிறது. நம்மூரில் ‘ஒத்தி’ என்றும் ‘போக்கியம்’ என்றும் வழங்குவதில், கடன் கொடுத்தவர் வீட்டை அனுபவித்துக்கொள்வார். வாங்கியவர் தாமே நேரில் கடனைக் கட்டுவதாகப் பொதுவாக வாக்களிப்பதில்லை. வங்கிக் கடன் அப்படிப்பட்டதன்று. மூலப் பத்திரத்தை ஒப்படைப்பதோடு, முழுத் தொகையையும் வட்டியோடு கட்டுவேன் என்று தனியே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறோம். வீடு ஒரு பிணை. நம் கையெழுத்து மற்றொரு பிணை. முதற்பிணை தீர்ந்த பின்னும் இரண்டாவது உயிரோடிருக்கிறது. ஏலத்தில் வந்த தொகை போதாவிடில், எஞ்சியதற்குத் தனித் தீர்ப்பாணை பெறலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டமும் 34-ஆம் ஆணையில் சொல்லுகிறது.

இப்போது வங்கிகளும் வீட்டுக் கடன் நிறுவனங்களும் பெரும்பாலும் நாடுவது 2002-ஆம் ஆண்டுச் சட்டமொன்றை. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ‘சர்ஃபாசி’ என்பார்கள். நீதிமன்றத்தில் வழக்காடித் தீர்ப்புப் பெறாமலே பிணைச் சொத்தைக் கைப்பற்றி விற்கும் அதிகாரத்தை அது கடன் கொடுத்தவருக்கு வழங்குகிறது. அதன் படிகளை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். முதலில் 60 நாள் அவகாசமளித்து 13(2) நோட்டீசு வரும். அதற்கு நாம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் 15 நாளுக்குள் காரணம் காட்டி விடையளிக்க வேண்டியது வங்கியின் கடமை. பிறகு வீட்டைக் கைப்பற்றும் அறிவிப்பு ஒட்டப்படும். அந்த நடவடிக்கையில் குறையிருந்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். தமிழகத்தில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களில் அத்தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. விற்பனைக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்புப் பெற்றுக் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க வேண்டும். முதல் விற்பனைக்கு 30 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும். நிர்ணயித்த விலை கிடைக்காதபோது அதற்குக் குறைத்து விற்பதானால் கடன் வாங்கியவரின் சம்மதமும் தேவை என்று விதி இருக்கிறது.

வீட்டை மீட்கும் உரிமை எதுவரை நமக்கு உண்டு என்பதில் ஒரு மாறுதல் நேர்ந்திருக்கிறது. முன்பு விற்பனை நாள்வரை முழுப் பாக்கியையும் கட்டி மீட்க முடிந்தது. 2016-இல் வந்த திருத்தத்தால், ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே கட்டியாக வேண்டும் என்றாயிற்று. உச்ச நீதிமன்றமும் 2023 செப்டம்பரில் இதை உறுதிப்படுத்திவிட்டது. ‘ஏலத்தன்று பணத்தோடு போய் நிற்கலாம்’ என்று காத்திருப்பவர்கள் ஏமாந்து போவார்கள்.

ஏலத்தில் வந்த பணம் எந்த வரிசையில் போகிறது என்பதையும் அச்சட்டம் கூறுகிறது. முதலில் கைப்பற்றியதற்கும் விற்றதற்கும் ஆன செலவு. அடுத்துக் கடன் பாக்கி. அதற்கு மேல் ஒரு ரூபாய் மிஞ்சினாலும் அது வீட்டுக்காரருக்கு. குறைந்தால், 13-ஆம் பிரிவின் பத்தாம் உட்பிரிவுப்படி எஞ்சிய தொகைக்குத் தீர்ப்பாயத்திலோ உரிய நீதிமன்றத்திலோ வங்கி முறையிடலாம். 2018 முதல் 20 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த கடன்கள் தீர்ப்பாயத்துக்குப் போவதில்லை. உரிமையியல் நீதிமன்றத்துக்கே வருகின்றன. வீட்டைக் கைப்பற்றுவதற்கு வங்கிக்கு வழக்குத் தேவையில்லை. எஞ்சிய பாக்கிக்கோ வழக்குத் தேவை. எனவே தபாலில் எழுதியிருப்பதாலேயே அத்தொகை முடிந்த முடிபாகிவிடாது. அதைக் கணக்கோடு நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. வாய்திறந்து கணக்குக் கேட்கும் உரிமை நம்முடையது.

இத்தனை ஆண்டு கட்டியும் பாக்கி ஏன் இவ்வளவு நிற்கிறது என்ற கேள்வி எல்லோருக்கும் எழும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 20 லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுத் தவணைக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 18,000 ரூபாய் ஆகும். முதல் மாதம் அவர் கட்டுவதில் 15,000 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது மூவாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. ஐந்தாண்டு தவறாமல் கட்டினால் மொத்தம் பத்தே முக்கால் லட்சத்துக்கு மேல் கொடுத்திருப்பார். ஆயினும் அசல் பாக்கி பதினேழே முக்கால் லட்சத்துக்கு அருகில் நிற்கும். அதற்குப் பின் தவணை நின்று, வட்டியும் அபராதமும் ஏறி, ஏல நாளில் பாக்கி 20 லட்சத்தைத் தொட்டுவிட்டது என்று கொள்வோம். ஏலத்தில் வீடு 15 லட்சத்துக்குப் போகிறது, செலவு ஐம்பதாயிரம். எஞ்சுவது ஐந்தரை லட்சம். வீடும் இல்லை, கட்டிய பத்தே முக்கால் லட்சமும் இல்லை, அதற்கு மேல் ஐந்தரை லட்சம் கடன் வேறு! வட்டியை அல்லாஹ் ஏன் இவ்வளவு கடுமையாகத் தடுத்தான் என்பதற்கு விரிவுரை தேவையெனில் இந்த ஒரு கணக்குப் போதும்.

இனி நம் நூல்கள் என்ன சொல்லுகின்றன என்று பார்ப்போம்.

இஸ்லாத்துக்கு முந்திய அரபு நாட்டில், குறித்த நாளில் கடனைத் திருப்பாவிட்டால் அடகுப் பொருள் முழுவதும் கடன் கொடுத்தவருக்கே சொந்தமாகிவிடும் வழக்கம் இருந்தது. நூறு திர்ஹத்துக்கு ஆயிரம் திர்ஹம் பெறுமான பொருளை விழுங்கிவிடுவார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வழக்கத்தை ஒழித்தார்கள். அடகு வைத்தவரின் உரிமை அடகினால் அழிந்துவிடாது என்றும், அதன் ஆதாயமும் அவருக்கே, அதன் நட்டமும் அவருக்கே என்றும் கருத்துப்பட அறிவித்தார்கள். இந்த இரண்டாம் பகுதியைச் சிந்திக்க வேண்டும். விலை கூடினால் மிச்சம் எனக்கு என்று கேட்கும் உரிமை எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்தேதான் விலை குறைந்தால் பாக்கியும் என்மீது என்ற பொறுப்பும் வந்தது. ஒன்றைப் பிடித்து மற்றதை விட முடியாது.

அடகுப் பொருள் கடன் கொடுத்தவரின் கையில் தானே அழிந்துபோனால் என்னவாகும் என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டார்கள். ஹனஃபி மத்ஹபில், பொருளின் மதிப்பளவுக்குக் கடனும் அழிந்துவிடும். மதிப்புக்கு மேற்பட்ட கடன் மட்டும் நிற்கும். ஷாஃபிஈ மத்ஹபில் அடகுப் பொருள் ஓர் அமானிதம்; கவனக் குறைவின்றி அழிந்தால் கடன் முழுதும் நிற்கும். ஆயினும் பொருளை விற்று, விற்ற பணம் கடனுக்குப் போதாதபோது எஞ்சியது கடனாளியின் ‘திம்மா’வில், அதாவது அவர் பொறுப்பில், நிற்கும் என்பதில் இரு சாராரும் ஒருமித்தவர்களே. அந்த எஞ்சிய தொகையைப் பொறுத்தவரை அடகு பிடித்தவருக்குத் தனிச் சலுகை இல்லை. மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் அவரும் ஒருவர்.

இதுவரை சட்டமும் ஷரீஅத்தும் ஒரே பாதையில் நடக்கின்றன. இதற்கு மேல்தான் ஷரீஅத் ஓர் அடி முன்னே வைக்கிறது. பாக்கி உண்டு என்று நிலைநாட்டிய பிறகு, கொடுக்க இயலாதவனிடம் அதை எப்படிக் கேட்பது என்ற கேள்வியை அது எழுப்புகிறது. நபிகளாரின் காலத்தில் ஒருவர் தாம் வாங்கிய கனிகளில் நட்டமடைந்து பெருங்கடனில் மூழ்கினார். நபிகளார் மக்களைத் தருமம் செய்யச் சொன்னார்கள். வந்த தருமமும் கடனுக்குப் போதவில்லை. கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் கடன் கொடுத்தவர்களிடம் கூறினார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. கடன் அழிந்தது என்பது இதன் பொருளன்று. அவர் வசதி பெறும்வரை கேட்கக் கூடாது என்பதே பொருள் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். ‘அல்பகரா’ அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் சிரமத்திலுள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுப்பதைக் கட்டளையாக்கி, தள்ளுபடி செய்வதை அதனினும் மேலான நன்மையாக்குகிறது. அதே வேளையில், கொடுக்க முடிந்தும் இழுத்தடிப்பவன் அநியாயக்காரன் என்பதும் நபிமொழியே. இயலாதவனுக்கு இரக்கம், இயன்றவனுக்குக் கண்டிப்பு: இதுவே நம் மார்க்கத்தின் தராசு.

வியப்பு என்னவென்றால், இந்தத் தராசை நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் ஒருமுறை கையில் எடுத்தது. கேரளத்தைச் சேர்ந்த ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் என்பவருக்கும் கொச்சி வங்கிக்கும் இடையிலான வழக்கில், 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். கடனைக் கட்ட இயலாமை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிறையிலடைக்க முடியாது. கையில் பொருளிருந்தும் ஏமாற்றும் தீய எண்ணம் இருந்தாலன்றிச் சிறை இல்லை என்று அத்தீர்ப்பு வரையறுத்தது. ஆகவே ‘போலீசு வரும், ஜெயிலில் போடுவார்கள்’ என்று வசூலுக்கு வருபவர் மிரட்டினால் நடுங்க வேண்டியதில்லை. பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்வதைச் சட்டமே தடுத்திருக்கிறது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கலாகாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது.

எஞ்சிய கடனுக்காக ஜப்தி வந்தாலும் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போக முடியாது. உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு காத்திருக்கிறது. எங்கள் ஊரில் வாகை மரத்தைச் செதுக்குகிறவரின் உளியையும் சுத்தியையும் எந்தக் கடன்காரரும் எடுத்துச் செல்ல முடியாது என்பது இதன் பொருள். சம்பளக்காரராயின், முதல் ஆயிரம் ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரு பங்கும் கைப்படா. ஒரே தீர்ப்பாணைக்காக 24 மாதம் பிடித்தபின் மேலும் பிடிக்கவும் இயலாது. உண்மையில் பயிர் நடக்கும் விவசாய நிலத்தை சர்ஃபாசி சட்டத்தின் கீழ் எடுக்க முடியாது. ஆனால் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெற்றால் அந்த நிலத்துக்கும் பாதுகாப்பில்லை என்பதை மறந்துவிடலாகாது. இந்த விலக்குகளைப் பார்க்கும்போது, கடனாளியை முற்றும் வெறுங்கையனாக்கிவிடாமல் உடைக்கும் உணவுக்கும் வைத்துவிட்டு மற்றதை விற்கச் சொன்ன நம் ஃபுகஹாக்களின் நினைவே வருகிறது.

இந்தத் துன்பம் நம் நாட்டோடு நிற்பதன்று. நம் சகோதரர் ஒருவரின் பெயரே ஐரோப்பியச் சட்ட நூல்களில் இதற்காக ஏறியிருக்கிறது. மொரோக்கோவிலிருந்து ஸ்பெயினுக்குப் பிழைக்கச் சென்ற முஹம்மத் அஸீஸ் என்ற தொழிலாளி, 2007 ஜூலையில் 1,38,000 யூரோ வீட்டுக் கடன் பெற்றார். அடுத்த ஆண்டே அங்கு நெருக்கடி வந்து தவணைகள் நின்றன. ஒப்பந்தப்படி தவறிய தவணைக்கு வட்டி 18.75 விழுக்காடு. 2010-இல் நடந்த ஏலத்தில் கேட்பவர் எவருமில்லை. அந்நாட்டுச் சட்டப்படி வீட்டின் மதிப்பில் பாதி விலைக்கு வங்கியே எடுத்துக்கொண்டது. பாதி விலையே வரவு என்றால் எஞ்சிய கடன் எவ்வளவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2011 ஜனவரியில் அவர் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆனால் அவர் ஒதுங்கிவிடவில்லை. ஒப்பந்தத்தின் நிபந்தனை நியாயமற்றது என்று பார்சலோனா நீதிமன்றத்தில் முறையிட்டார். அந்த நீதிபதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டார். நிபந்தனை நியாயமானதா என்று ஆராயும் நீதிபதி, அதுவரை வீட்டு நடவடிக்கையை நிறுத்திவைக்க வழியில்லாத ஸ்பெயின் நாட்டு நடைமுறை ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானது என்று 2013 மார்ச் 14 அன்று தீர்ப்பு வந்தது. அந்நாடு தன் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. இரவோடிரவாக ஊரைவிட்டுப் போகாமல், காகிதத்தைக் கையிலெடுத்து நின்ற ஓர் எளிய மனிதர் செய்த காரியம் இது.

நம்மவர்களிடம் நான் காணும் பெருங்குறை அந்தக் காகிதத்தைப் பிரிக்காமலே வைத்திருப்பதுதான். வெட்கம் தடுக்கிறது. பதிவுத் தபாலை ‘ஆளில்லை’ என்று திருப்பியனுப்பிவிடுகிறார்கள். தபாலைத் திருப்பலாம், கடனைத் திருப்பியதாகுமா? வழக்குத் தொடுத்து நாம் போகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு வரும். கேட்டிருந்தால் குறைந்திருக்கக்கூடிய தொகை அப்போது கல்லில் பொறித்ததாகிவிடும்.

துணிக்கடைக்காரர் செய்தது இதற்கு மாறானது. வழக்கறிஞர் ஒருவரின் துணையோடு வங்கிக்கு எழுத்தில் கணக்குக் கேட்டார். ஏல நாள்வரை பாக்கி எவ்வளவு, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு, ஏலச் செலவு எவ்வளவு, வரவு வைத்த நாள் எது என்று தனித்தனியே கேட்டார். விடை வந்தபோது பாக்கியில் பெரும்பகுதி வட்டியும் அபராதமும் என்று தெரிந்தது. அசலின் பாக்கியை ஒப்புக்கொள்கிறேன், மற்றதைத் தள்ளி ஒரே தீர்வாக முடித்துத் தாருங்கள் என்று மனுக் கொடுத்தார். இங்கே மார்க்கமும் உலக வழக்கும் அழகாக ஒன்றுபடுகின்றன. அசலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அநியாயம் செய்யவும் வேண்டாம், அநியாயத்துக்கு ஆளாகவும் வேண்டாம் என்பது வட்டி பற்றிய வசனத்தின் கருத்து. ‘ஒன் டைம் செட்டில்மென்ட்’ என்று வங்கிகள் வழங்கும் ஏற்பாட்டில் அதே அசலை நோக்கிப் பேரம் பேச இடமிருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் அந்த விவகாரம் பேசி முடிக்கப்பட்டது. கேட்டதைவிட வெகுவாகக் குறைந்த தொகை, அதுவும் தவணையில். அங்கே முடிந்த விவகாரத்துக்கு மேல்முறையீடு கிடையாது. தம்பியின் ஜாமீனும் அத்தோடு விடுபட்டது. பெண்களாயின் வருமானத்தைப் பாராமலே 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

தம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாமீன் கையெழுத்தை நம்மவர்கள் ஒரு மரியாதையாக நினைக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். வீட்டை ஏலமிடுவதற்கு முன்பே ஜாமீன்தாரர்மீது பாயவும் வங்கிக்கு உரிமையுண்டு. ‘கஃபாலத்’ என்ற பாடத்தை ஓதியவர்களுக்கு இது புதிதன்று. நபிகளார் ஒரு ஜனாஸாவுக்குத் தொழவைக்க நின்றபோது அவருக்குக் கடன் உண்டா என்று வினவினார்கள். உண்டு என்றதும் தாம் தொழவைக்கவில்லை. உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுங்கள் என்றார்கள். அக்கடன் என் பொறுப்பு என்று அபூ கத்தாதா (ரலி) அவர்கள் முன்வந்த பிறகே தொழவைத்தார்கள். அந்தக் கடன் சில தீனார்களே. ஆனால் ஒரு மனிதரின் இறுதித் தொழுகையையே தாங்கி நிறுத்தும் அளவுக்கு ஜாமீன் என்ற சொல்லுக்கு அன்று கனம் இருந்தது.

அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்கு இனி விடை சொல்லலாம். தந்தையின் கடன் பிள்ளையின் சம்பாத்தியத்தில் விழாது. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து வாரிசுகளின் கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்கே அவர்கள் பொறுப்பாளிகள் என்று நாட்டுச் சட்டம் கூறுகிறது. கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பிறகே வாரிசுப் பங்கு என்று ‘அந்நிஸா’ அத்தியாயம் வகுத்ததும் அதே எல்லைதான். ஆனால் பிள்ளையே ஜாமீனாகவோ கூட்டுக் கடனாளியாகவோ கையெழுத்திட்டிருந்தால் அது அவனுடைய சொந்தக் கடன். எனவே கையெழுத்துகளை முதலில் எண்ணிப் பாருங்கள்.

காலம் கடந்தால் கடன் போய்விடும் என்று சிலர் ஆறுதல் சொல்லுவார்கள். காலவரம்புச் சட்டம் உண்மையே. ஆனால் வரம்பு கடந்தால் வழக்குத் தொடரும் வழி அடைபடுமே தவிர, கடன் அழிந்துவிடாது. துருக்கிய உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்தளித்த ‘மஜல்லா’ என்ற ஹனஃபிச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்லுகிறது. பதினைந்தாண்டு கடந்த கடன் வழக்கைக் காழி விசாரிக்கமாட்டார். ஆயினும் காலம் கடந்ததால் உரிமை இறந்துவிடாது என்பது அதன் விதி. துன்யாவின் கோர்ட்டில் கதவு மூடும். மறுமையின் கோர்ட்டில் மூடாது. அதுவும் அசலைப் பற்றிய பேச்சு. வட்டியைத் தள்ளிக் கணக்குப் பார்க்கும் மனம் நமக்கு வேண்டும்.

இறுதியாக ஜமாஅத்துகளுக்கு ஒரு விண்ணப்பம். ‘அத்தவ்பா’ அத்தியாயத்தில் ஸகாத் பெறத் தக்க எட்டுப் பிரிவினரில் ‘காரிமீன்’, அதாவது கடன்பட்டோர், ஒரு பிரிவினராக இடம் பெற்றிருக்கிறார்கள். நம் ஊர்களில் ரமளானில் ஸகாத் பணம் சேலையாகவும் சில்லறையாகவும் சிதறிப் போகிறது. கடன்பட்டோரின் பங்கு என்று தனியே எடுத்து வைக்கும் பள்ளிவாசல்கள் எத்தனை? வட்டியோடு வாங்கிய கடனுக்கு ஸகாத் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். பாவத்துக்காகக் கடன்பட்டவரும் தவ்பாச் செய்தால் கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ நூல்களில் வலுவான கருத்து உண்டு. குடியிருக்க ஒரு கூரை தேடியவரை அதனினும் கீழாக எண்ண நியாயமில்லை. வட்டிக்குப் போகாமல் அசலின் பாக்கிக்கு மட்டும் போகுமாறு பார்த்துக் கொடுப்பது பேணுதலானது என்பது என் கருத்து. ஊர் ஆலிம்கள் கூடி முடிவு செய்யட்டும். துணிக்கடைக்காரரின் தவணைகளில் மூன்றை எங்கள் ஊரில் சிலர் அவ்வாறே ஏற்றுக்கொண்டார்கள். எஞ்சியதை அவரே ஒரு கடையில் கணக்கெழுதிக் கட்டி வருகிறார்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் மையித்தின் மகனோ சகோதரனோ எழுந்து, ‘இவருக்கு யாராவது கடன் கொடுத்திருந்தால் எங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று அறிவிப்பது நம்மிடையே உள்ள நல்ல வழக்கம். அந்த அறிவிப்பைக் கேட்டு மளிகைக் கடைக்காரர் வருவார். கைம்மாற்றுக் கொடுத்த அண்டை வீட்டார் வருவார். வங்கி அந்த ஸஃப்பில் நிற்பதில்லை. அதன் கணக்கு அலமாரியில் பிரிக்காத உறைக்குள் கிடக்கும். ஆகவே அந்த உறை உங்கள் வீட்டில் இருக்குமானால் இன்றே பிரியுங்கள். மனைவியிடமும் பருவமடைந்த பிள்ளைகளிடமும் தொகையைச் சொல்லுங்கள். கணக்கைக் கேட்டு எழுதுங்கள். கடன் மிகைத்துவிடுவதிலிருந்து நபிகளார் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள்; நாமும் தேடுவோம். தேடிவிட்டு, உறையைப் பிரிப்போம்.